பொருள் மூன்று

வெள்ளிக்கிழமை பின்னேரம் நாலரை மணிக்கு நகுலேஸ்வரி கழுத்தைத் தடவிப் பார்த்தாள். கொடி இல்லை.

சட்டைக்குள் கைவிட்டுப் பார்த்தாள். சேலையை உதறினாள். காருக்குள் கம்பளத்தைத் தூக்கிப் பார்த்தாள். பிறகு குசினிக்குள் வந்து கதவைச் சாத்திவிட்டு, மேலே படுத்திருந்த கணவனைக் கூப்பிட்டாள். பெயர் சொல்லும் வழக்கம் அவளுக்கு இல்லை. இஞ்சருங்கோ என்றாள். அவள் கூப்பிட்ட விதத்தில், யாரோ செத்துவிட்டார்கள் என்று இராஜேந்திரன் நினைத்தார்.

யாரும் சாகவில்லை. சிக்கலே அதுதான்.

தொலைந்தது பதினொரு பவுண் தாலிக்கொடி. நடுவில் பிள்ளையார் தாலி, இரு பக்கமும் இரண்டு பவுண் காசு. காசில் பழைய இங்கிலாந்து ராசா ஒருவரின் தலை. கொளுக்கி தளர்ந்து ஒரு மாதமாகியிருந்தது. லண்டன் அப்டன் பார்க்கில் நகைக்கடைகளுக்குக் குறைவில்லை. ஆனால் திருத்துவதற்குக் கழற்ற வேண்டும். புருசன் இருக்கும்போது தாலியைக் கழற்றுவதென்றால் நல்ல நாள் பார்க்க வேண்டும். மஞ்சள் கயிறு கட்டிக்கொண்டுதான் கழற்ற வேண்டும். அவர்கள் நாள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கொடி நாள் பார்க்கவில்லை.

காலையில் முருகன் கோயிலில் தாலிக்குக் குங்குமம் வைத்தது அவளுக்கு நினைவிருந்தது. அங்கிருந்து நேரே தோட்டத்துக்குப் போனாள். தோட்டம் என்பது மனோர் பார்க்கில் வாடகைக்கு எடுத்த ஒரு துண்டுக் காணி. போஞ்சி, கீரை, பூசணி நட்டிருந்தார்கள். குனிந்து கீரை பிடுங்கினாள். அங்கேதான் விழுந்திருக்க வேண்டும்.

மஞ்சள் துண்டொன்றைக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் கட்டிக்கொண்டாள். அது தெரியாமல் மேலே ஒரு கம்பளிச் சால்வையைச் சுற்றினாள். யூலை மாதம்.

"ஒருத்தருக்கும் தெரியக்கூடாது," என்றாள். "தாலியைத் துலைச்சவள் எண்டு சொல்லுவினம். பிறகு உங்களுக்குத் தடிமன் காய்ச்சல் வந்தாலும் அதுக்கு நான்தான் காரணம்."

இராஜேந்திரன் ஓம் என்று சம்மதித்தார். பின்னால் வந்ததெல்லாம் அந்த ஓமில் இருந்துதான் வந்தது.

சனிக்கிழமை இருவரும் முழங்காலில் நின்று தேடினார்கள். கீரை முழுவதையும் பிடுங்கியாயிற்று. போஞ்சிப் பந்தலுக்குக் கீழே விரலால் மண்ணைக் கிளறியாயிற்று. கிடைக்கவில்லை. கடைசியில் இராஜேந்திரன் கிறிஸ்துநாயகத்துக்குப் போன் எடுத்தார்.

கிறிஸ்துநாயகம் அவரோடு மரக்கறிக் கடையில் வேலை செய்பவர். உலோகம் தேடும் கருவி ஒன்று வைத்திருந்தார். ஞாயிறு பூசை முடிந்ததும் கடற்கரைக்குப் போய் அதைப் பிடித்துக்கொண்டு நடப்பார். அதுவரை கிடைத்தவை போத்தல் மூடிகளும் யாரோ ஒருவரின் பல்லுக்கம்பியும். ஆனால் கருவி வைத்திருப்போர் கழகத்தில் அவர் உறுப்பினர். உறுப்பினர் அட்டையை மணிப்பேர்சில் பிள்ளைகளின் படத்துக்கு முன்னால் வைத்திருந்தார்.

வீட்டுச் சாவி தொலைந்துவிட்டது என்று அவரிடம் சொல்லப்பட்டது.

கிறிஸ்துநாயகம் இராஜேந்திரனின் முகத்தைப் பார்த்தார். நகுலேஸ்வரியின் சால்வையைப் பார்த்தார்.

"சாவி துலைச்ச மூஞ்சையோ இது? என்ன அண்ணை, சாவியையே கலியாணம் முடிச்சனீங்கள்?"

இருவரும் சிரிக்கவில்லை. அவர் கருவியைப் போட்டார்.

கருவி ஒரு ஆணிக்குக் கத்தியது. ஒரு கரண்டிக்குக் கத்தியது. ஒவ்வொரு சத்தத்துக்கும் நகுலேஸ்வரி சால்வையைப் பிடித்தாள். பூசணிக்கு அப்பால், வேலியோரம், அது நிறுத்தாமல் கத்தியது. கிறிஸ்துநாயகம் தோண்டினார். முழங்கையளவு ஆழத்தில் துருப்பிடித்த ஒரு பொருள் கிடந்தது. உள்ளங்கையை விடப் பெரியது. பாரமானது. மண்ணைத் துடைத்தபோது நாலு விரல் தெரிந்தது. விரல்களில் நகம் இருந்தது.

"சிங்கம்," என்றார் கிறிஸ்துநாயகம். "சிங்கத்தின்ர கால்."

இராஜேந்திரனுக்குச் சிங்கத்தோடு பழைய மனஸ்தாபம். அதைத் திரும்ப மண்ணுக்குள் போடச் சொன்னார். கிறிஸ்துநாயகம் கேட்கவில்லை. பழைய பொருள் எது கிடைத்தாலும் அறிவிப்பேன் என்று கழகத்தில் அவர் கையை உயர்த்திச் சொல்லியிருந்தார். ஞானஸ்நானத்துக்கும் கலியாணத்துக்கும் பிறகு அவர் கொடுத்த ஒரே வாக்கு அது. நின்ற இடத்திலேயே படம் எடுத்து அனுப்பினார்.

படம் போன இடம் கிழக்கு லண்டன் தொல்லுலோக அடையாளச் சபை.

திங்கட்கிழமை காலை சபையின் கள அலுவலர் வந்தார். வெள்ளைக்கார இளைஞர். முழங்கால் வரை சப்பாத்து. கூடவே மொழிபெயர்ப்பாளர் ஒருவர் வந்தார். தமிழ்நாட்டுக்காரர், பெயர் ஆதித்யா, தொல்லியலில் முனைவர், சபையின் பண்பாட்டு ஆலோசகர். தனக்கு மொழிபெயர்ப்பு வேண்டாம், இங்கிலீஷ் தெரியும் என்று இராஜேந்திரன் இங்கிலீஷிலேயே சொன்னார். அது சரிதான், ஆனால் அலுவலரால் உச்சரிக்க முடியாத பெயர் உள்ளவர்களுக்கு மொழிபெயர்ப்பாளர் கொடுக்க வேண்டும் என்பது விதி என்று அலுவலர் சொன்னார். ஆதித்யா அதை மொழிபெயர்த்தார்.

என்ன தேடினீர்கள் என்று அலுவலர் கேட்டார். சாவி என்றார் கிறிஸ்துநாயகம். கிடைத்ததா என்று கேட்டார். வீட்டிலேயே இருந்தது என்றார் இராஜேந்திரன். ஆள் சீக்கிரம் போனால் சரி என்று அவருக்கு இருந்தது. போன கையோடு கருவியைத் திரும்பப் போடலாம்.

கடைசிக் கேள்வி ஒன்று இருந்தது. இந்த நிலத்தில் உங்களுக்குச் சொந்தமான உலோகப் பொருள் எதுவும் இப்போது கிடக்கிறதா?

கிறிஸ்துநாயகம் பக்கத்தில் நின்றார். நகுலேஸ்வரி வேலியோரம் நின்றாள். சால்வைக்கு மேலால் அவளுடைய கண் மட்டும் தெரிந்தது.

"இல்லை," என்றார் இராஜேந்திரன்.

அலுவலர் அதைப் பதிந்துகொண்டார். வெளியே நின்ற வான் வண்டியிலிருந்து சாமான்களை இறக்கி, நாலு மூலையிலும் கம்பு நட்டார். வெள்ளை நாடா சுற்றினார். இனி உள்ளே யாரும் போகக் கூடாது என்றார். இதற்குப் பெயர் பாதுகாப்பு வலயம் என்றார். அந்தச் சொல்லை இராஜேந்திரன் ஊரிலும் கேட்டிருந்தார். அங்கேயும் சொந்தக் காணிக்கு வெளியில் நின்றுதான் கேட்டார்.

எத்தனை நாளைக்கு என்று கேட்டார். அலுவலர் ஒரு திகதி சொன்னார். அது சபை கூடும் திகதி. அன்றைக்கு இன்னொரு திகதி தருவார்கள்.

பல வருடங்களுக்கு முன் குரோய்டனில் அகதி விசாரணைக்காக ஒரு மேசைக்கு முன்னால் இருந்தபோது இராஜேந்திரன் ஒன்றைப் படித்திருந்தார். இந்த நாட்டில் முதலில் சொன்னதுதான் உண்மை. பிறகு சொல்வது முரண்பாடு. அங்கே அவர் முதலிலேயே உண்மையைச் சொன்னார், அதையே திரும்பத் திரும்பச் சொன்னார், தப்பினார். இங்கே முதல் சொல் பொய்யாகப் போய்விட்டது. இனி அதைத்தான் காப்பாற்ற வேண்டும்.

"நீங்கள்தான் ஒருத்தருக்கும் தெரியக்கூடாது எண்டனீங்கள்," என்றார் வீட்டில்.

"நான் தமிழருக்குத் தெரியக்கூடாது எண்டு சொன்னனான்," என்றாள் நகுலேஸ்வரி.

சபையின் முதல் அமர்வுக்கு இருவரும் போனார்கள். போகாவிட்டால் சந்தேகம் வரும் என்று இராஜேந்திரன் நினைத்தார். சபைக்கு ஒரு பழைய நீச்சல் குளக் கட்டடத்தில் மண்டபம் இருந்தது. நடுவில் வெல்வெட் விரித்த தட்டில் சிங்கக்கால். அதற்குப் பெயர் பொருள் ஒன்று.

தலைவி திருமதி ஆஷ்வெல் எழுந்தார். உயரமானவர். எந்த விஷயத்துக்கும் முதலில் நாட்குறிப்பைத் திறந்து திகதி பார்ப்பவர். திகதி போடாத விஷயம் நடக்காத விஷயம் என்பது அவருடைய கொள்கை.

"இந்தச் சபை இதுவரை ஒரு பொருளைக்கூடத் தவறாக அடையாளம் கண்டதில்லை," என்றார். "அதற்குக் காரணம் எங்கள் நிதானம். சபை தொடங்கிய நாளிலிருந்து எங்களிடம் வந்த எல்லாப் பொருட்களும் இன்னும் பரிசீலனையில் இருக்கின்றன."

கைதட்டினார்கள்.

ரோமர் காலத்துச் சிம்மாசனத்தின் கால் என்றார் ஒருவர். தேவாலய விளக்கின் அடி என்றார் இன்னொருவர். மூன்றாமவர் வெகுநேரம் கண்ணாடி வைத்துப் பார்த்துவிட்டு, இது இரும்பு என்றார். அதை யாரும் மறுக்கவில்லை. ஆகவே இரும்புக் காலம் என்று வாக்கெடுப்பில் முடிவாகியது. முடிவு இடைக்காலமானது என்றார் திருமதி ஆஷ்வெல். இறுதி முடிவுக்கு ஒரு திகதி கொடுத்தார். அதுவரை வலயம் இருக்கும்.

நகுலேஸ்வரி அன்றிலிருந்து தினமும் தோட்டத்துக்குப் போனாள். நாடாவுக்கு வெளியே நின்று உள்ளே பார்த்தாள். பூசணிக்கொடி படர்ந்துகொண்டு போனது. அதன் இலைகள் பெரிதாகின. இலைக்குக் கீழே என்ன இருக்கிறது என்று தெரியவில்லை. மழை பெய்தது. காகம் ஒன்று உள்ளே இறங்கி எதையோ கொத்தியபோது கல்லெடுத்து எறிந்தாள். கல் வலயத்துக்குள் விழுந்ததற்கு, சபை போட்டிருந்த காவலாளி எச்சரித்தான்.

அப்படி அவளோடு போய் நின்ற ஒரு நாளில்தான் இராஜேந்திரன் பக்கத்துத் துண்டைப் பார்த்தார். அது ஒரு போலந்துப் பெண்ணுடையது. தக்காளி நட்டிருந்தாள். வேலியோரம் பழைய குளியல் தொட்டி ஒன்றில் மழைத்தண்ணி பிடித்து வைத்திருந்தாள். தொட்டிக்கு மூன்று மூலையில் கால். மூன்றும் சிங்கக்கால். நாலாவது மூலைக்குச் செங்கல் வைத்திருந்தது.

அவர் நிலத்தில் குந்திக்கொண்டு அந்தச் செங்கல்லை நெடுநேரம் பார்த்தார். தாலி தொலைந்த பிறகு முதல் தடவையாக அவருக்குப் பசித்தது.

அடுத்த நாளே சபைக்குப் போய்ச் சொன்னார். படமும் காட்டினார். இது தொட்டிக்கால், இனி வலயம் தேவையில்லை என்றார். திருமதி ஆஷ்வெல் அவருக்குக் கைகொடுத்து நன்றி சொன்னார். அவசர அமர்வு கூட்டினார்.

"தொட்டியின் காலும் பொருள் ஒன்றும் எல்லா வகையிலும் ஒத்திருக்கின்றன என்பதை இந்தச் சபை ஏற்றுக்கொள்கிறது," என்றார் அங்கே. "பொருள் ஒன்று இரும்புக் காலத்தது என்று ஏற்கெனவே முடிவு செய்துவிட்டோம். ஆகவே தொட்டியும் இரும்புக் காலத்தது. இது நாம் எதிர்பாராத மகிழ்ச்சி."

தொட்டி பொருள் இரண்டு ஆகியது. அதைக் கிரேன் வைத்துத் தூக்கினார்கள். வலயம் தக்காளி வரைக்கும் நீண்டது. போலந்துப் பெண் அதன் பிறகு இராஜேந்திரனுக்குக் காலை வணக்கம் சொல்வதில்லை.

இரும்புக் காலத்து மக்கள் தொட்டியில் குளித்தார்கள் என்றால் அங்கே ஒரு குடியிருப்பு இருந்திருக்க வேண்டும். குடியிருப்பு இருந்தால் தோண்ட வேண்டும். தோண்டினார்கள். முதல் நாள், தோண்டுவதற்கு இடம் செய்யப் பூசணிக்கொடியை வெட்டி இழுத்தபோது, அதோடு சேர்ந்து தாலிக்கொடியும் வந்தது.

நகுலேஸ்வரி நாடாவுக்கு வெளியேதான் நின்றாள். தன் கொடி வெயிலில் ஆடுவதைப் பார்த்தாள். கையுறை போட்ட ஒருவர் அதை நெகிழிப் பைக்குள் இறக்கி, பொருள் மூன்று என்று எழுதினார்.

"இப்ப சொல்லுங்கோ," என்று அவள் கணவனின் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

இராஜேந்திரன் கள அலுவலரைப் பார்த்தார். அலுவலர் அவரைப் பார்த்துச் சிரித்தார். உங்களுடைய பொருள் எதுவும் இங்கே இல்லை என்று அன்றைக்கே சொன்னது எவ்வளவு நல்லதாகப் போயிற்று, இல்லாவிட்டால் எவ்வளவு குழப்பம் என்றார். இராஜேந்திரன் தலையாட்டினார்.

படம் சபையின் இணையத்தளத்தில் வந்தது. அங்கிருந்து கோயில் பெண்களின் வட்ஸ்அப் குழுவுக்கு வந்தது. இரண்டாயிரம் வருடத்துக்கு முன்பே லண்டனில் தமிழர் வாழ்ந்ததற்கு ஆதாரம் என்று யாரோ மேலே எழுதியிருந்தார்கள். பின்னேரத்துக்குள் அது மூவாயிரம் வருடமாகியது.

வெள்ளிக்கிழமை கோயில் மடைப்பள்ளியில் மரக்கறி வெட்டும்போது அதே கதைதான். குழுவை நடத்துபவள் கமலேஸ்வரி. பாவம், எந்தத் தமிழ்ப் பெட்டையோ, இவ்வளவு தூரம் வந்து, புருசனையும் பறிகுடுத்து, தாலியைப் புதைச்சிருக்கிறாள் என்று சொல்லிக் கண்ணைத் துடைத்தாள். பிறகு போனைக் கிட்ட வைத்துப் பார்த்தாள். நகுலேஸ்வரியைப் பார்த்தாள்.

"நகுலா, இது சரியா உம்மட கொடி மாதிரியே கிடக்குது. உம்மடதை ஒருக்கா வெளியில எடும், பாப்பம்."

எல்லோரும் கத்தியை வைத்துவிட்டுத் திரும்பினார்கள்.

"எனக்குத் தடிமன்," என்றாள் நகுலேஸ்வரி. "குளிருது."

அடுப்பில் பொங்கல் கொதித்துக்கொண்டிருந்தது. அவளுடைய நெற்றியிலிருந்து வேர்வை வழிந்து சால்வைக்குள் இறங்கியது. கமலேஸ்வரி அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அன்று வீட்டுக்கு வந்து நகுலேஸ்வரி சால்வையைக் கழற்றி எறிந்தாள். கழுத்தெல்லாம் வேர்க்குரு. அடுத்த வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போவதென்றால் கொடியோடுதான் போவேன், இல்லாவிட்டால் இந்த வீட்டில் இருந்தே வெளியே போகமாட்டேன் என்றாள். அவள் கத்தவில்லை. அதனால் இராஜேந்திரனுக்குப் பயம் கூடியது.

அவர் முதலில் ஆதித்யாவைத் தேடிப் போனார். சபைக் கட்டடத்தின் நடைவழியில் பிடித்தார். உள்ளதை உள்ளபடி சொன்னார். ஆதித்யா பொறுமையாகக் கேட்டார்.

"தெரியும் சார். பார்த்த உடனே தெரிஞ்சது. எங்க அக்கா கல்யாணம் பண்ணினது ஜாஃப்னாகாரரைத்தான். இதே மாதிரி போட்டிருக்காங்க."

"அப்ப சொல்லுங்கோவன் தம்பி."

"நான் சொல்லக் கூடாது சார். எனக்குத் தெரியும்கிறதாலதான். அந்தப் பண்பாட்டுல பிறந்தவங்க அந்தப் பொருளைப் பத்திக் கருத்துச் சொன்னா பக்கச்சார்பு ஆயிடும். தெரியாதவங்கதான் சொல்லணும்."

"பிறகு உங்களை என்னத்துக்கு வைச்சிருக்கினம்?"

"தெரிஞ்சவர் ஒருத்தர் சபையில இருக்கணும்னு இன்னொரு விதி இருக்கு சார்."

அவர் சொன்னதில் வருத்தம் இருந்தது. ஆனால் அவர் கழுத்தில் சபையின் அடையாள அட்டை தொங்கியது. பேசும்போது அதைத் தடவிக்கொண்டே இருந்தார்.

பொருள் மூன்றின் அமர்வு வியாழக்கிழமை. மண்டபம் நிறைந்திருந்தது. கமலேஸ்வரியும் கோயில் பெண்கள் நாலைந்து பேரும் முன்வரிசையில் இருந்தார்கள். மூவாயிரம் வருடப் பெருமையைப் பார்க்க வந்திருந்தார்கள். கிறிஸ்துநாயகம் கழகத்தின் தொப்பியோடு வந்திருந்தார். சிங்கக்காலை இப்போது யாரும் கவனிக்கவில்லை. காற்றுக்கு ஒரு கதவு அடித்துக்கொண்டிருந்தது, அதற்கு அந்தக் காலைத்தான் அடை வைத்திருந்தார்கள்.

பேராசிரியர் ஒருவர் பேசினார். நாலு மாதம் தென்னிந்தியாவில் இருந்தவர்.

"இதில் யானை முகம் இருக்கிறது. ரோமர் இந்தத் தீவுக்கு யானை கொண்டுவந்ததாக ஒரு கதை உண்டு. மன்னரின் தலை பொறித்த இரண்டு காசும் இருக்கிறது. மன்னரின் தலை இருப்பதால் இது முடிக்குரியது. காசில் ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பன்னிரண்டு என்று இருப்பது எங்கள் காலக்கணிப்போடு ஒத்துப்போகவில்லை. ஆகவே காசைக் கணக்கில் எடுக்கவில்லை." தண்ணீர் குடித்தார். "இதை ஒரு மனைவி அணிந்திருக்கிறாள். கணவன் உயிரோடு இருக்கும்வரை இதைக் கழற்றும் வழக்கம் அந்த மக்களிடம் இல்லை. இது மண்ணில் கிடைத்தது. ஆகவே கணவன் இறந்துவிட்டான். பெரும்பாலும் இளம் வயதில். பெரும்பாலும் நோயால்."

சபை அதை ஏற்றுக்கொண்டது. கணவன் இறந்தது குறிப்பில் ஏறியது. நகுலேஸ்வரி கணவனின் கையைப் பிடித்தாள். அந்தக் கை குளிர்ந்திருந்தது.

வேறு யாருக்கும் ஏதாவது சொல்ல இருக்கிறதா என்று திருமதி ஆஷ்வெல் கேட்டார். கேட்பது வழக்கம். யாரும் சொல்வது வழக்கமில்லை.

இராஜேந்திரன் எழுந்தார். இங்கிலீஷில் தொடங்கினார், பாதியில் தமிழுக்கு வந்துவிட்டார். "அது என்ர மனுசியின்ர தாலி. யூலையில ஒரு வெள்ளிக்கிழமை துலைஞ்சது. அலுவலர் வந்தண்டைக்கு நான் சொன்னது பொய்."

கோயில் வரிசையில் ஒரு சத்தம் எழுந்தது. கமலேஸ்வரி மெதுவாகத் திரும்பினாள். கிறிஸ்துநாயகம் தொப்பியைக் கழற்றினார். "சாவி," என்றார் தனக்குள்.

ஆதித்யா மொழிபெயர்த்தார். திருமதி ஆஷ்வெல் அலுவலரின் பதிவை வாசிக்கச் சொன்னார். இந்த நிலத்தில் எனக்குச் சொந்தமான உலோகப் பொருள் எதுவும் இல்லை. சத்தமாக வாசித்தார்கள். இராஜேந்திரனுக்குக் குரோய்டன் வந்துவிட்டது. அதே மேசை. அதே தண்ணீர்க் கோப்பை. ஏன் முதலில் வேறு சொன்னீர்கள் என்று கேட்டார்கள். வெட்கம் என்றார். அதை ஆதித்யா மொழிபெயர்த்தபோது சபையில் சிலர் தலையசைத்தார்கள், ஆனால் அது விதியில் இல்லாத காரணம்.

இதில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது என்றார் பேராசிரியர். கணவன் இறந்ததைச் சபை சற்று முன்தான் ஏற்றுக்கொண்டது. இவர் கணவன் என்றால் இவர் உயிரோடு இருப்பது அந்த முடிவுக்கு முரணாகிறது. முடிவை மாற்றுவதென்றால் மேன்முறையீடு செய்ய வேண்டும். திருமதி ஆஷ்வெல் நாட்குறிப்பைப் புரட்டி அதற்கு ஒரு திகதி கொடுத்தார். மார்ச் மாதம்.

கலியாணப் படங்களை நகுலேஸ்வரி கொண்டுவந்திருந்தாள். பெரிய அல்பம். முதல் படத்தில் மாலை தாலியை மறைத்தது. இரண்டாவதில் இரண்டு மாலை. தாலி கட்டும் படத்தில் அவளுடைய சித்தப்பா குறுக்கே நின்றார். அவருடைய முதுகுதான் தெளிவாக விழுந்திருந்தது. வீடியோவைப் போட்டார்கள். மேளம் உச்சத்துக்குப் போன இடத்தில் அறுபது பேர் ஒரேயடியாக எழுந்து அரிசி எறிந்தார்கள். அரிசி தவிர ஒன்றும் தெரியவில்லை. சபை அதை இரண்டு தடவை பார்த்தது. அரிசி பற்றிப் பேராசிரியர் குறிப்பெடுத்தார்.

பிறகு உறுப்பினர்கள் தலையோடு தலை வைத்துக் கதைத்தார்கள். செயல்முறைச் சான்று என்று ஒன்று இருக்கிறதாம். உரிமை கோருபவர் பொருளைச் சபைக்கு முன்னால் பயன்படுத்திக் காட்டலாம். கத்தி என்றால் வெட்டிக் காட்டுவது. குழல் என்றால் ஊதிக் காட்டுவது. இது கட்டுவது என்றால் கட்டிக் காட்டட்டும். கையுறை போட வேண்டும்.

"இப்பவோ?" என்றாள் நகுலேஸ்வரி. நேரத்தைப் பார்த்தாள். வியாழக்கிழமை, ராகுகாலம் முடிந்திருந்தது. அவள் எழுந்தாள்.

தட்டோடு பொருள் மூன்றைக் கொண்டுவந்தார்கள். இராஜேந்திரனுக்கு வெள்ளைக் கையுறை கொடுத்தார்கள். நகுலேஸ்வரி எல்லோருக்கும் முன்னால் சால்வையை அவிழ்த்தாள். மஞ்சள் கயிறு வெளியே தெரிந்தது. கோயில் பெண்களில் ஒருத்தி மூச்சை இழுத்தாள்.

கையுறைக்குள் விரல் தடுமாறியது. கொளுக்கி தளர்ந்த கொளுக்கி. இரண்டு தடவை வழுகியது. கலியாணத்தன்றுகூட அவருக்கு இப்படி வேர்க்கவில்லை.

"ஆரும் மேளம் அடிக்கேல்லையோ?" என்றார் கிறிஸ்துநாயகம். யாரும் சிரிக்கவில்லை. ஆனால் கமலேஸ்வரி எழுந்து நின்றாள். அவள் எழுந்ததும் மற்றவர்களும் எழுந்தார்கள். மொழிபெயர்ப்பாளரும் எழுந்தார். எழுந்தது தெரிந்ததும் அடையாள அட்டையைச் சரிசெய்தார்.

கொளுக்கி விழுந்து பூட்டியது. நகுலேஸ்வரி தாலியை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். மஞ்சள் கயிற்றை மெதுவாக அவிழ்த்து, சுருட்டி, கைப்பைக்குள் வைத்தாள்.

திருமதி ஆஷ்வெல் கைதட்டினார். சபையும் தட்டியது.

"மிகவும் நெகிழ்ச்சியான சான்று," என்றார். "இது கழுத்தில் அணியும் பொருள் என்பது ஐயமின்றி நிரூபணமாகியிருக்கிறது. இது இந்தக் கழுத்துக்குரியதா என்பது வேறு கேள்வி. அதற்கு மதிப்பீடு வேண்டும். எங்கள் சபை எந்தச் சமூகத்தின் உணர்வுகளையும் மிக உயர்வாக மதிக்கிறது. அதனால்தான் அவற்றைப் பூட்டி வைக்கிறோம்."

நாட்குறிப்பைத் திறந்து பேனாவை எடுத்தார். காவலாளி வெல்வெட் தட்டை நீட்டிக்கொண்டு நகுலேஸ்வரிக்கு முன்னால் வந்து நின்றான். கழற்றித் தட்டில் வைக்கச் சொல்லுங்கள் என்று ஆதித்யாவிடம் சொன்னார் திருமதி ஆஷ்வெல்.

ஆதித்யா தரையைப் பார்த்தார். பிறகு மொழிபெயர்த்தார்.

நகுலேஸ்வரி தட்டைப் பார்த்தாள். பக்கத்தில் நின்ற கணவனைப் பார்த்தாள். அவர் இன்னும் கையுறையோடு நின்றார். கதவுக்கு அடைவைத்த சிங்கக்காலைப் பார்த்தாள். சால்வையை மடித்துக் கையில் போட்டுக்கொண்டாள்.

"தம்பி, அவவுக்கு நான் சொல்லுறதை ஒண்டும் குறைக்காமல் சொல்லுங்கோ. இதை நான் கழட்டுறதெண்டால் முதல் இவர் சாகோணும். அவவின்ர கொப்பியில அதுக்கு எத்தினையாம் திகதி போட்டிருக்கிறா?"